அந்தச் சிப்பாய் நம்மைப் பற்றித்தான் பேசினான்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

2003 ஜூலை முதல் வாரத்தில் எனக்கு வேலை போனது. எனக்கு மட்டுமா? வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம். அன்று சாயங்காலம், பென்னாகரம் பக்கம் நான் பதினோரு வருடம் பாடம் நடத்திய ஊரின் டீக்கடையில், தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஜல்லி உடைக்கிற ஒரு அம்மா வந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். நான் இருப்பது தெரியாமல் கடைக்காரரிடம் சொன்னார்: "பொழுதுக்கும் கல்லு ஒடச்சா எனக்கு அம்பது ரூவா. வாத்தியாருங்களுக்கு அவ்வளவு குடுத்தும் பத்தலையாம். போவட்டும் வுடு."

மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினோம். நானும் எழுதிக் கொடுத்தேன். வேலைநிறுத்தம் செய்ய ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் சொல்லிவிட்டது. அந்த உறுதிமொழித் தாளில் என்ன வாசகம் இருந்தது என்பது இப்போது எனக்கு நினைவில்லை. அந்த அம்மா சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. இவர் பிள்ளைகளுக்கு நான் கைப்பிடித்து எழுத்துக் கற்றுக்கொடுத்தேனே என்று நெடுநாள் கோபமாகவே இருந்தேன்.

2014இல் ஓய்வு பெற்ற பிறகுதான் இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சியைப் படித்தேன். 1926இல், கைதாவதற்குச் சற்று முன், இத்தாலியின் தெற்குப் பிரச்சினை பற்றி அவர் எழுதி முடிக்காமல் விட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. அதில் அந்த அம்மாவை மறுபடி சந்தித்தேன். அங்கே அவர் ஒரு சிப்பாயாக இருந்தார்.

நடந்தது 1919இல். வட இத்தாலியின் டூரின் நகரம். ஃபியட் முதலான ஆலைகளின் தொழிலாளர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அடக்குவதற்கு அரசு சஸ்ஸாரி படைப்பிரிவைக் கொண்டுவந்து இறக்கியது. சார்டீனியா என்ற வறண்ட தீவின் விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும்தான் அந்தப் படையின் சிப்பாய்கள். டூரினில் தோல் பதனிடும் வேலை செய்துவந்த சார்டீனியக்காரர் ஒருவர், நம்ம ஊர்க்காரன் ஆயிற்றே என்று ஒரு சிப்பாயிடம் பேச்சுக் கொடுத்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். வேலைநிறுத்தம் செய்கிற சீமான்களைச் சுட வந்தோம் என்றான் சிப்பாய். அவர்கள் சீமான்கள் இல்லையப்பா, தொழிலாளிகள், ஏழைகள் என்றார் இவர். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே எல்லாரும் சீமான்கள்தான், காலரும் டையும் கட்டியிருக்கிறார்கள், ஒரு நாளைக்கு முப்பது லீரா வாங்குகிறார்கள். ஏழை எப்படி உடுத்துவான் என்று எனக்குத் தெரியும், எங்கள் ஊரில் மண் வெட்டுகிற எங்களுக்கு ஒன்றரை லீரா. நானும் தொழிலாளிதான், நானும் ஏழைதானே என்றார் இவர். நீ ஏழை, ஏனென்றால் நீ சார்டீனியாக்காரன் என்றான் அவன். நானும் அவர்களோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தால் என்னைச் சுடுவாயா என்று கேட்டார் இவர். சிப்பாய் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தோளில் கையைப் போட்டுச் சொன்னான்: இங்கே பார், அவர்கள் வேலைநிறுத்தம் செய்கிற அன்றைக்கு நீ வீட்டிலேயே இருந்துவிடு.

கிராம்சி அந்தச் சிப்பாயைத் திட்டவில்லை. முட்டாள் என்றும் சொல்லவில்லை. அவரும் சார்டீனியக்காரர்தான். அவரும் தோழர்களும் அந்தச் சிப்பாய்களோடு அவர்களுடைய பேச்சிலேயே பேசினார்கள், ஊர்க்கதை பேசினார்கள், யார் நிலம் யார் கையில் இருக்கிறது என்று பேசினார்கள். அந்த ஜூலையில் பொது வேலைநிறுத்தம் வருவதற்கு முன்பே அந்தப் படைப்பிரிவை இரவோடு இரவாக நகரத்தைவிட்டு அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. 2003இல் அந்த அம்மாவின் கண்ணுக்கு நாம் காலரும் டையும் கட்டியவர்களாகத் தெரிந்திருக்கிறோம். பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கல்லுக்கு எவ்வளவு கூலி, யாருடைய குவாரி, நெஞ்சுச்சளிக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தேனா? கேட்கவில்லை. ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிப்பதுதான் என் கவலையாக இருந்தது. இந்த மடலை உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

கிராம்சி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மார்க்சியச் சிந்தனையாளர் என்றதும் பெரிய நகரத்துப் பெரிய படிப்புக்காரர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் அவர். 1891 ஜனவரி 22 அன்று சார்டீனியாவில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் நான்காவது. சின்ன வயதிலேயே முதுகெலும்பு வளைந்து கூன் விழுந்தது. நான்கு வயதில் உதிரப்போக்கு கண்டு, பிழைக்க மாட்டான் என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். அப்போது வாங்கிய சின்னச் சவப்பெட்டியையும் உடுத்திவிடத் தைத்த உடுப்பையும் அம்மா 1914 வாக்கில்வரை வீட்டிலேயே வைத்திருந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அரசாங்கக் குமாஸ்தாவான அப்பா 1898இல் கைதாகி, ஐந்தாண்டுக்கு மேல் தண்டனை பெற்றார். அம்மா தையல் வேலை செய்து ஏழு வயிற்றைக் காப்பாற்றினார்.

தொடக்கப் பள்ளியை முடித்த பையன் பதினோரு வயதில் நிலப்பதிவு அலுவலகத்துக்கு வேலைக்குப் போனான். நம் தாலுகா ஆபீஸின் அடங்கல், சிட்டா கட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் பத்து மணி நேரம், ஞாயிறு காலையும் சேர்த்து. மாதச் சம்பளம் ஒன்பது லீரா, அதாவது ஒரு நாளைக்கு ஒரு கிலோ ரொட்டி. தன்னைவிடக் கனமான பதிவேடுகளைத் தூக்கித் தூக்கி, உடம்பு முழுக்க வலியெடுத்து, பல இரவு யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறேன் என்று முப்பது வருடம் கழித்துச் சிறையிலிருந்து எழுதினார். இடைநின்ற மாணவர் பட்டியலைக் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றும்போது இந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் ஒரு கிராம்சி இல்லையென்று நம்மில் யாராலும் சொல்ல முடியாது.

பிறகு படிப்பைத் தொடர்ந்தார். 1911இல் ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்து டூரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; மொழியியல் படித்தார். அங்கே தொழிலாளர் இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. 1919 மே மாதம் தோழர்களோடு ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். ஆலைக்குள்ளே தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் கவுன்சில்கள் வேண்டும், உற்பத்தியை நடத்தவும் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதினார். 1920 செப்டம்பரில் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றினார்கள், தோற்றார்கள். 1921 ஜனவரியில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது. தோற்றுவித்தவர்களில் கிராம்சியும் ஒருவர். அடுத்த ஆண்டே முசோலினி ஆட்சிக்கு வந்துவிட்டார். 1924இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான கிராம்சியை 1926 நவம்பர் 8 அன்று கைது செய்தார்கள். 1928இல் இருபது ஆண்டு, நான்கு மாதம், ஐந்து நாள் தண்டனை. இந்த மூளையை இருபதாண்டுக்கு இயங்கவிடாமல் நிறுத்த வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் வாதாடியதாகச் சொல்வார்கள்.

மூளை நிற்கவில்லை. 1929 பிப்ரவரி 8 அன்று தூரி சிறையில் முதல் குறிப்பேட்டைத் திறந்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி நோட்டு. தூரியில் எழுதியவற்றில் சிறை முத்திரை. இப்படி 33 நோட்டுகள். பல் எல்லாம் விழுந்து, தூக்கம் போய், நடக்க முடியாமல் ஆகும்வரை எழுதினார். அம்மா 1932 கடைசியில் இறந்ததைக் குடும்பத்தார் அவரிடம் மறைத்துவிட்டார்கள். இருக்கிறார் என்ற நினைப்பிலேயே அதன் பிறகும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். 1937 ஏப்ரல் 27 அன்று ரோமில் ஒரு மருத்துவமனையில் காலமானார். வயது 46.

அவர் சொன்னதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நேராக நம் வாசலில் வந்து நிற்கிறது. கிராமத்து விவசாயிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது: ஆசிரியர், பத்திர எழுத்தர், மருத்துவர், பாதிரியார், குமாஸ்தா. தெற்கு இத்தாலி ஏன் அப்படியே கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டு போன கிராம்சி கடைசியில் இவர்களிடம் வந்து நின்றார். வடக்கத்தியர்களுக்குத் தெற்கு என்றால் இளக்காரம். சோம்பேறிகள், முரடர்கள், நாட்டின் காலில் கட்டிய குண்டு என்று படித்தவர்களே எழுதினார்கள், தொழிலாளர்களும் நம்பினார்கள். ஆனால் அந்தத் தெற்கை மேலே உள்ளவர்களோடு கட்டிவைத்திருந்த கயிறு தெற்கின் படித்த பிள்ளைகள்தான். அரசு ஊழியர்களில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் தெற்கத்தியர்கள் என்று எழுதினார். விவசாயிக்கு இவர்கள்மேல் இரண்டு விதமான மனசு என்றும் எழுதினார். என் பிள்ளைகளில் ஒருத்தனாவது இப்படி ஆகணும் என்ற ஆசை ஒரு பக்கம். உள்ளுக்குள் பொறாமையும் கோபமும் கலந்த வெறுப்பு இன்னொரு பக்கம்.

நம் மாவட்டத்துக்கு இது பொருந்தவில்லையா? 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 'பின்தங்கிய' என்ற அடைமொழி மட்டும் பிரியவே இல்லை. ஒரு ஊழியரை மிரட்ட வேண்டுமென்றால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்பார்கள். எனக்குத் தெரிந்து வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த பல பேருக்கு அந்தக் காடு நாம்தான். தண்ணீர் இருந்த இடத்திலும் ஃப்ளோரைடு. பழுப்பேறிய பல்லைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகளுக்கு முப்பது வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. பெங்களூரின் அடுக்குமாடிகளுக்குச் சித்தாள் வேலைக்குப் போவதும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதும் இந்த ஊர்களிலிருந்துதான். இங்கிருந்து படித்து மேலே வந்த நாம் யாருக்கும் யாருக்கும் நடுவில் நிற்கிறோம்?

வாச்சாத்தியைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது. 1992 ஜூன் 20. சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடி ஊருக்குள் சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். பத்தொன்பது ஆண்டு கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

2011 தீர்ப்பு வந்த மறுநாள் எங்கள் ஆசிரியர் அறையில் நடந்த பேச்சு என் காதில் இருக்கிறது. "மேலிருந்து ஆர்டர் போட்டா அவங்க என்ன சார் பண்ணுவாங்க, பாவம், பென்ஷன் போயிடுமே" என்றார் ஒருவர். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். அந்த 269 பேரில் கீழ்மட்டத்தில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். எங்கோ ஒரு குடியானவர் வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, காக்கியோ பேனாவோ கிடைத்ததும் ஊர் முழுக்கக் கொண்டாடிய பிள்ளைகளாகத்தான் அவர்களில் பலர் இருந்திருக்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளையை இன்னொரு ஏழை வீட்டுக்குள் அனுப்புவது டூரினிலும் நடந்தது. டூரினில் அவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் இருந்தது, துப்பாக்கி திரும்பிப் போயிற்று. வாச்சாத்திக்குப் போனவர்களோடு, அவர்கள் பிள்ளைகளாக நம் முன் உட்கார்ந்திருந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில், நாம் என்ன பேசினோம்? மலையாளிப் பழங்குடிப் பெண் உன் அக்கா மாதிரி என்று எந்தப் பாடத்திலாவது சொன்னோமா? தண்டனை பெற்றவர்களின் குற்றத்தை இது ஒரு துளியும் குறைக்காது. கேள்வி நம்மைப் பற்றியது.

கிராம்சி சிறையில் அதிகம் யோசித்த சொல் ஒன்றுண்டு. தமிழில் 'பொதுப்புத்தி' என்கிறோம். யாரும் சொல்லித்தராமல், எல்லோரும் ஒப்புக்கொண்டதாக, காற்றைப் போல நம்மைச் சுற்றியிருக்கும் நினைப்புகள். அதில் கற்காலத்து மிச்சமும் இருக்கும், நேற்றைய விஞ்ஞானமும் இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். ஆளுகிறவர்கள் போலீசை மட்டும் வைத்து ஆளுவதில்லை. இந்தப் பொதுப்புத்தி அவர்கள் பக்கம் இருப்பதால்தான் பெரும்பாலான நாட்களில் லத்தியைத் தூக்கவே தேவையில்லாமல் போகிறது. பள்ளி, கோயில், பத்திரிகை, குடும்பம் எல்லாம் சேர்ந்து இந்தச் சம்மதத்தைத் தயாரிக்கின்றன. சம்மதத்தால் ஆளும் இதைத்தான் அவர் மேலாண்மை (ஹெஜிமனி) என்றார். அதனால் அதிகாரத்தை ஒரே பாய்ச்சலில் பிடித்துவிட்டால் முடிந்தது என்று அவர் நம்பவில்லை. பதுங்குகுழி பதுங்குகுழியாக, மனசு மனசாக, நெடுங்காலம் நடக்க வேண்டிய போர் என்றார்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் நாயக்கன்கொட்டாய்க்குப் போய்வர வேண்டும். 1970, 80களில் இடதுசாரி இளைஞர்கள் கூலிக்காகவும், டீக்கடையின் இரட்டைக் குவளைக்கு எதிராகவும் நின்ற பகுதி அது, உயிரையும் கொடுத்தார்கள். அதே பகுதியில் 2012 நவம்பர் 7 அன்று, சாதி மாறி நடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று ஊர்களிலும் தலித் மக்களின் 200க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். டீக்கடையில் குவளையை மாற்ற முடிந்தது. வீட்டுச் சமையலறையில் இருந்த குவளை மாறவில்லை. பெண்ணைப் பற்றி, மானத்தைப் பற்றி, எவன் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றி இருந்த நினைப்பு அப்படியே அடியில் கிடந்திருக்கிறது, ஊதியதும் பற்றிக்கொண்டது. அன்றைக்குத் தீப்பந்தம் பிடித்த இருபது வயதுக்காரன் 2002இல் ஏதோ ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். யாரோ ஒரு வாத்தியாரிடம்தானே?

இப்போது பள்ளிக்கூடத்துக்கே வருகிறேன். கிராம்சி படிப்பைப் பற்றிச் சொன்னது உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிள்ளைக்குக் கஷ்டம் கொடுக்காதே, விளையாட்டாகவே எல்லாம் வந்துவிடும் என்ற கட்சி இல்லை அவர். படிப்பு என்பது உழைப்பு, அதற்கென்று உடம்பைப் பழக்க வேண்டும், ஓரிடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒரு விஷயத்தை விடாமல் பிடிக்கக் கற்றுக்கொள்வது வலிக்கத்தான் செய்யும் என்று எழுதினார். படித்த வீட்டுப் பிள்ளை அதை வீட்டிலேயே மூச்சுக்காற்றோடு பழகிக்கொள்கிறது. குடியானவர் பிள்ளைக்கு அது புதுசு. இந்தப் படிப்பில் ஏதோ சூது இருக்கிறது, நமக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது என்று அதன் பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வரியைப் படித்தபோது, "சார், எம்புள்ளைக்கு மண்டைல ஏறல, வேலைக்கு அனுப்பிடறேன்" என்று வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற எத்தனையோ அப்பாக்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் முசோலினியின் கல்வி அமைச்சர் ஜென்டீலே 1923இல் பள்ளிகளைப் பிரித்தார்: ஆளப் போகிறவர்களுக்கு ஒரு பள்ளி, கைத்தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இப்படித் தனித்தனியே தொழிற்பள்ளிகளைப் பெருக்குவது ஏழைக்குச் செய்கிற உதவி மாதிரி தெரியும், உண்மையில் ஏழையை அவன் இடத்திலேயே ஆணியடித்து வைக்கும் என்று கிராம்சி சிறையிலிருந்து எழுதினார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பொதுப் பள்ளி, ஆழமான படிப்பு. தொழில் எது என்பதைப் பிறகு பார்க்கலாம். ஓசூர் சிப்காட்டுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக எட்டாம் வகுப்பிலேயே "நீ ஐ.டி.ஐ.க்குத்தான் லாயக்கு" என்று ஒரு பிள்ளையை மனசுக்குள் ஒதுக்கிவைக்கிறோமே, அந்த இடத்தில் நாம் ஜென்டீலேயின் ஆட்களாகிவிடுகிறோம். ஐ.டி.ஐ. இழிவென்று சொல்லவில்லை. தேர்வு பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும்.

நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். 1980களில் தேன்கனிக்கோட்டைப் பக்கம், மலையோரத்துப் பள்ளி ஒன்றில் என் முதல் பணி. பிள்ளைகள் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். வகுப்பில் தமிழ் தவிர ஒரு சொல் காதில் விழக் கூடாது என்பது நான் வைத்த சட்டம். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான், தெலுங்கில். தமிழில் கேட்கும்வரை வெளியே நில் என்றேன். அவனுக்கு அந்தச் சொல் வரவில்லை. மதியம்வரை நின்றான். அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கு வரவில்லை. ஆடு மேய்க்கப் போய்விட்டான் என்றார்கள். அவன் வீட்டுக்கு நான் போகவில்லை. தமிழை வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1927 மார்ச்சில், மிலான் சிறையிலிருந்து கிராம்சி தன் தங்கை தெரேசினாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உன் பையனைச் சார்டீனிய மொழி பேசவிடு, அதற்காக அவனைத் தொந்தரவு செய்யாதே. நம் அண்ணன் மகளைச் சின்ன வயதில் தாராளமாகப் பேசவிடாதது தப்பு, அது அவள் அறிவு வளர்வதைக் கெடுத்தது, கற்பனைக்கு விலங்கு மாட்டியது என்கிறார். அதே மனிதர்தான் நாட்டுக்கான பொது மொழியைப் பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும், வட்டார வழக்கு மட்டுமே தெரிந்தவனின் உலகம் குறுகிப்போகும் என்றும் குறிப்பேட்டில் எழுதினார். இரண்டுக்கும் முரண் இல்லை என்று எனக்குப் புரிய முப்பது வருடம் ஆயிற்று. தமிழை ஆழமாகக் கற்றுக்கொடுங்கள். தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளிப் பிள்ளைகளின் தெலுங்கையும் கன்னடத்தையும், ஊர்த் தெருக்களின் உருதுவையும், சிட்டிலிங்கித் தண்டாக்களின் லம்பாடியையும் வாசலில் நிறுத்தாதீர்கள். தாகம் எந்த மொழியில் வந்தாலும் முதலில் தண்ணீரைக் கொடுங்கள்.

கம்யூனிஸ்ட் ஒருவரைப் பற்றி அரசு ஊழியர்களுக்கு எழுதுகிறீர்களே என்று கேட்பீர்கள். எந்தக் கட்சியிலும் சேரச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அதே நேரம், கிராம்சி கடைசிவரை புரட்சிக்காரராகவே இருந்தார் என்பதை மறைக்கவும் மாட்டேன். உரிமைக்குப் போராடாதீர்கள் என்றும் சொல்லவில்லை; பழைய ஓய்வூதியம் கேட்டு நீங்கள் நடத்திய போராட்டங்கள் எல்லாம் நியாயமானவை, 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்த தம்பி தங்கைகளின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அடுத்த முறை கோரிக்கைப் பட்டியல் எழுத உட்காரும்போது, உங்கள் ஊரின் கோரிக்கை ஒன்றையும் அதில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். மலைக்கிராமத்துக்கு ஒரு சாலை, குவாரிக் கூலிக்கு ஒரு கணக்கு, சாயங்காலம் ஒரு கூடுதல் பஸ், எதுவோ ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியதும் எழுந்துவிடாமல், கல் உடைக்கிற அம்மா பேசி முடிக்கும்வரை உட்காருங்கள். செப்டம்பர் 29, நவம்பர் 7 வரும்போது ஆசிரியர் அறையில் யாராவது வாச்சாத்தியையும் நத்தத்தையும் பற்றிப் பேச்செடுத்தால், "அந்த விஷயம் வேணாம் சார்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு தெரிந்தால் கழற்றச் சொல்வதோடு விடாதீர்கள். யார் கட்டிவிட்டது, எதற்கு என்று பக்கத்தில் உட்கார்த்திக் கேளுங்கள்.

1926 டிசம்பரில் உஸ்திகா தீவில் காவலில் வைக்கப்பட்டபோது கிராம்சி அங்கே 44 நாட்கள்தான் இருந்தார். அதற்குள் சக கைதிகளோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். தான் வரலாறு சொல்லிக்கொடுத்தார், இன்னொரு வகுப்பில் மாணவனாக உட்கார்ந்து ஜெர்மன் கற்றார்.

கடைசியாக, அவர் சொன்ன ஒரு கதை. 1931 ஜூனில், தன் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி மனைவிக்கு எழுதி அனுப்பிய சார்டீனிய நாட்டுப்புறக் கதை. ஒரு குழந்தை தூங்குகிறது. விழித்தால் குடிக்கப் பக்கத்தில் பால். எலி வந்து பாலைக் குடித்துவிடுகிறது. குழந்தை அழுகிறது, அம்மாவும் அழுகிறாள். எலி சுவரில் தலையை முட்டிக்கொள்கிறது, அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்து ஆட்டிடம் பால் கேட்டு ஓடுகிறது. ஆடு புல் கேட்கிறது. நிலம் தண்ணீர் கேட்கிறது. போரில் உடைந்துபோன நீரூற்று கொத்தனாரைக் கேட்கிறது. கொத்தனார் கல் கேட்கிறார். எலி மலையிடம் போகிறது. மரமெல்லாம் வியாபாரிகள் வெட்டிப்போய், மண் கரைந்து, எலும்பெலும்பாய் நிற்கிறது மலை. எலி நடந்ததை எல்லாம் சொல்லி, குழந்தை பெரியவனானதும் மரம் நடுவான் என்று வாக்குக் கொடுக்கிறது. மலை கல்லைக் கொடுக்கிறது. குழந்தைக்குக் குளிக்கிற அளவு பால் கிடைக்கிறது. வளர்ந்து வாக்கைக் காப்பாற்றுகிறான்.

போன கோடை விடுமுறையில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என் மகள் வாழ்க்கைப்பட்ட ஊரில், வேப்ப மரத்தடியில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கிரானைட் வெட்டுகிற ஊர். நான்காம் வகுப்பு முடித்த ஒரு பெண் குழந்தை கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்கூர்ல மலையையே வெட்டி எடுத்துட்டாங்களே தாத்தா, அப்ப எலி யார்கிட்ட போவும்?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் ஆறாம் வகுப்புக்கு உங்களில் ஒருவரிடம்தான் வருவாள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்